சனிக்கிழமை நோட்டு

கருமத்தம்பட்டி
நவம்பர் 2025

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். கச்சாயம் ஒரு டப்பா கூரியரில் அனுப்பியிருக்கிறேன். நாலு நாளுக்குள் தின்றுவிடு, நாள்பட்டால் எண்ணெய் வாடை வந்துவிடும். அத்தைக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. அத்திக்கடவுத் தண்ணீர் வந்ததிலிருந்து சித்தி வீட்டுக் கிணறு மேலேறியிருக்கிறது. பெரியப்பா வீட்டுப் பேச்சு நீ நினைத்தபடியே முடிந்தது, அதைப் பற்றி எழுதத் தெம்பில்லை. இரவில் பைக் ஓட்டாதே. வேலை முடிய நேரமானால் ஆட்டோவில் போ, காசைப் பார்க்காதே.

திருவிழாவுக்கு நீ வந்து போய் ஒரு மாதம் ஆகிவிட்டது. போனில் பேசுகிறாய், இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுகிறாய். அதற்காக இதை எழுதவில்லை.

ஜெபமாலை மாதா திருவிழாப் பூசையில் நீ தூணோரம் பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். பீடத்தில் நன்மை அப்பம் வாங்க வரிசை நகர்ந்தபோது முழங்காலை ஒதுக்கி அவருக்கு வழி விட்டாய். அவர் வாங்கிக்கொண்டு திரும்பியபோது மறுபடியும் ஒதுக்கினாய். நீ எழவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஈஸ்டருக்கு வந்தபோதும் அப்படித்தான். அன்று, காலையில் காப்பி குடித்துவிட்டான் போலிருக்கிறது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். நன்மைக்கு முன் ஒரு மணி நேர உபவாசத்துக்கு மேல் திருச்சபை கேட்பதில்லை, உனக்கும் அது தெரியும். தெரிந்தே அந்தச் சமாதானத்தைப் பிடித்துக்கொண்டேன்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருடம் மறைக்கல்வி வகுப்பு எடுத்தவள் நான். நன்மை வாங்காமல் உட்கார்ந்திருப்பவரைத் திரும்பிப் பார்க்காதீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சாவான பாவம் தன்மேல் இருப்பதாக அறிந்தவன் சாமியாரிடம் அதைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் நன்மை வாங்கக்கூடாது. அதை மதித்து உட்கார்ந்திருப்பவனிடம் விசுவாசம் இருக்கிறது. நீ மதித்துத்தான் உட்கார்ந்திருந்தாய் என்று நம்புகிறேன். உன் போனில் ஒரு நாள் வேறு குரல் கேட்டது. அது யார் என்றும் நான் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

ஆனால் ஒன்றை நினைவுபடுத்துவேன். எது சாவான பாவம் என்று நம் ஆட்களுக்குச் சரியாகத் தெரிவதில்லை. கெட்டதாகத் தோன்றுவதெல்லாம் சாவான பாவம் அல்ல. மூன்றும் சேர வேண்டும். காரியம் கனமானதாக இருக்க வேண்டும், அது கனமானது என்று முழுதாக அறிந்திருக்க வேண்டும், அறிந்தும் முழுமனதோடு சம்மதித்துச் செய்திருக்க வேண்டும். பயமும் கட்டாயமும் பழக்கமும் குற்றத்தின் பாரத்தைக் குறைக்கும். நீ சின்ன வயதிலிருந்தே உன்னைக் கடுமையாகப் பார்ப்பவன். முதல்முறை நன்மை வாங்கிய புதுநன்மைக்கு முந்தின நாள், பக்கத்து வீட்டுக் கொய்யாக்காயைப் பறித்ததற்கு அழுதுகொண்டு நின்றாய். கொய்யாக்காயையும் கொலையையும் ஒரே தராசில் வைக்காதே என்று அப்பா சொன்னார். வகுப்பில் நான் ஒரு மணி நேரம் சொல்வதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

அவரைப் பற்றித்தான் எழுத வேண்டும். கல்லறைத் திருநாளுக்கு நீ வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையாக வந்தது, விடுமுறைக்குக் குறைவில்லை. போன வருடமும் வரவில்லை. நானே கல்லறையைக் கழுவி, செவ்வந்தி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றினேன். காற்றில் இரண்டு தடவை அணைந்தது. பக்கத்துக் கல்லறைக்கு மூன்று மகன்களும் வந்திருந்தார்கள். உன் சம்பளத்தையும் பதவியையும் நான் ஊரில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். அன்று ஒருவரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

கோயில் தமிழில் மனஸ்தாபம் என்றால் செய்த பாவத்துக்காக நெஞ்சு நோவது. உத்தம மனஸ்தாப மந்திரம் சொல்லித் தூங்கித்தான் நீ வளர்ந்தாய். ஊர்த் தமிழில் மனஸ்தாபம் என்றால் இரண்டு பேர் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பது. உனக்கும் அப்பாவுக்கும் இருந்தது இரண்டாவது. அவர் போய் ஆறு வருடமாகியும் அது தீரவில்லை. தீராததற்குக் காரணம் நான். அதைச் சொல்ல இவ்வளவு தூரம் சுற்றி வந்திருக்கிறேன்.

மே மாதம் புதுப் பாப்பரசர் லியோ, நம் தமிழில் சிங்கராயர், என்ற பெயரை எடுத்துக்கொண்டார் அல்லவா, அடுத்த ஞாயிறு பங்குச் சாமியார் பிரசங்கத்தில் அந்தப் பெயரின் காரணத்தைச் சொன்னார். அதே பெயருள்ள பழைய பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் 1891-இல் தொழிலாளரைப் பற்றி ஒரு சுற்றுமடல் எழுதினார். முதலாளியும் தொழிலாளியும் ஒத்துக்கொண்டுவிட்டார்கள் என்பதாலேயே ஒரு கூலி நீதியான கூலி ஆகிவிடாது, வேறு வழியில்லாமல் குறைந்த கூலிக்கு ஒருவன் தலையாட்டினால் அங்கே அநீதி நடக்கிறது என்று அதில் இருக்கிறது. பிறகு சாமியார் பைபிளில் யாகப்பர் நிருபத்தை வாசித்தார். அறுவடை செய்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்ற இடம். வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்கள் என்று ஆத்தா சின்ன வயதில் என்னை மனப்பாடம் செய்யவைத்திருந்தாள். அதில் கடைசியாக வருவது கூலி. கொலையோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள், கண்ணு. எத்தனை பிள்ளைகளுக்கு அதை ஒப்பித்திருக்கிறேன். பிரசங்கம் முடிந்து எல்லோரும் எழுந்தார்கள், என்னால் எழ முடியவில்லை.

அவினாசி ரோட்டு ஷெட் நினைவிருக்கும். தையல் மெஷின்கள், பவர்டேபிள் ஆறு, ஓவர்லாக் இரண்டு. கைமடிக்கவும் பிசிறு வெட்டவும் வந்தவர்களையும் சேர்த்து ஒன்பது பெண்கள். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம். நீ ஏழாம் வகுப்புக்குப் போன வருடம் உன் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று நோட்டை உன்னிடம் கொடுத்தேன். ஒவ்வொருவரும் முடித்த கட்டுகளின் சீட்டுகளை எண்ணி டஜன் கணக்கு எழுதுவாய். எழுதும்போது நான் பக்கத்தில் நின்று, ரிஜெக்ட் மூன்று டஜன் கழித்து எழுது, அப்பா சொன்னார் என்பேன்.

அப்பா சொல்லவில்லை.

சனிக்கிழமை சாயங்காலங்களில் அவர் வசூலுக்குக் காதர்பேட்டை போய்விடுவார். ரிஜெக்ட் என்று நான் கழித்தவை ரிஜெக்ட்டே அல்ல. நல்ல பீஸோடு அதே பெட்டியில் போயின, அவற்றுக்கும் சேர்த்துத்தான் பார்ட்டியிடம் பணம் வாங்கினோம். டஜனுக்கு ஆறு ரூபாய், மூன்று டஜனுக்குப் பதினெட்டு ரூபாய். ஒன்பது பேருக்கு வாரம் 162. அந்தப் பணம் அரிசிப் பானைக்குள் ஒரு பையில் சேர்ந்தது. உன் ஸ்கூல் பீஸுக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை. என் கம்மலும் அதில்தான் வந்தது.

2011 ஜனவரியில் ஐகோர்ட் உத்தரவில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு எங்களுக்கு வேலையே வராமல் போனது. கஷ்டகாலத்தில் செய்தது என்று பின்னாளில் என் மனச்சான்றுக்குக் கதை சொல்லிவைத்தேன். கட்டாயம் குற்றத்தைக் குறைக்கும் என்று மேலே எழுதினேன் பார், அதை எனக்குத்தான் அதிகமாகப் பயன்படுத்தினேன். ஆனால் நான் கழித்ததெல்லாம் பட்டறைகள் மூடுவதற்கு முன்னால், வேலை நிறைந்து கிடந்த வருடங்களில்.

பத்தாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு நாள் சாப்பாட்டை நகர்த்திவைத்துவிட்டு அப்பாவைப் பார்த்து, திருட்டுக் காசில் எனக்குப் படிக்க வேண்டாம் என்றாய். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன். அந்த ஒரு பார்வையில் அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஆனாலும் உன்னிடம் வாய் திறக்கவில்லை. அம்மாவைத் தப்பாக நினைக்காதே என்றோ, நான் சொல்லவில்லை என்றோ ஒரு வார்த்தை இல்லை. இரவு என்னிடம், இனிமேல் கழிக்காதே என்றார், அவ்வளவுதான். நீ ஹாஸ்டலுக்குப் போனாய், வேலைக்குப் போனாய், அவர் ஐசியூவில் இருந்தபோது கண்ணாடிக்கு வெளியே நின்றாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கடமையில் தவறியதாலும் பாவம் செய்தேன் என்று ஞாயிறுதோறும் பூசையில் மார்பில் தட்டிக்கொள்கிறோம், அந்த இடம் வரும்போது என் கை சும்மா தட்டிவிட்டுப் போய்விடும்.

இத்தனை வருடமும் பாவசங்கீர்த்தனம் செய்தேன். கோபப்பட்டேன், பொய் சொன்னேன், ஜெபத்தில் பராக்கு என்று சொல்வேன். பொய் சொன்னேன் என்பதற்குள் இதை மடித்துவைத்தேன். வேண்டுமென்றே ஒரு பாவத்தை மறைத்தால் பாவசங்கீர்த்தனம் செல்லாது என்று வகுப்பில் கரும்பலகையில் எழுதியவள் நான். நீ எழாமல் உட்கார்ந்திருந்த அந்தப் பூசையிலும் நான் வரிசையில் போய் நன்மை வாங்கிக்கொண்டு வந்தேன். பிரசங்கம் கேட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது, அப்படியும் வாங்கினேன். உட்கார்ந்திருக்க வேண்டியவள் நான்.

திருவிழா முடிந்து நீ ரயிலேறிய மூன்றாம் நாள் கோவை பெரியகடை வீதி மிக்கேல் கோயிலுக்குப் பஸ் ஏறிப் போனேன். இங்கே சாமியாருக்கு என் குரல் தெரியும். அங்கே பாவசங்கீர்த்தனத்தில் எல்லாம் சொன்னேன். கேட்ட குருவானவர் உயிர் போனாலும் வெளியே சொல்லக்கூடாது, சொன்னவளுக்கு அந்தக் கட்டு இல்லை, அதனால் உனக்கு எழுதுகிறேன். அபராதமாக ஜெபமாலை சொல்லச் சொல்வார் என்று நினைத்தேன். மன்னிப்பு பாவத்தைத்தான் நீக்கும், எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்காது என்றார். யாரிடமிருந்து எடுத்தாயோ அவர்களுக்கே கொடுக்க வேண்டும், அவர்கள் இல்லையென்றால் வாரிசுகளுக்கு, யாரையும் கண்டுபிடிக்க முடியவில்லையென்றால் ஏழைகளுக்கு. பிறகு, பெயரைக் கெடுத்திருந்தால் பெயரையும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார். பணத்துக்கு மட்டும்தான் ஈடு என்று எண்ணிக்கொண்டு போயிருந்தேன். அப்பாவின் பெயர் என் கையில் இருப்பது அப்போதுதான் உறைத்தது. அதைத்தான் இந்தக் கடிதத்தில் வைத்து அனுப்புகிறேன்.

உன் பங்கு இதில் எவ்வளவு என்று நீ இரவெல்லாம் கணக்குப் பார்த்திருந்தால், அதை விட்டுவிடு. உனக்குப் பன்னிரண்டு வயது. எழுது என்றது பெற்றவள். பிறர் பாவத்துக்கு உடந்தையாகும் வழிகள் ஒன்பது என்பார்கள், அதில் ஏவுவதும் ஒன்று. ஏவியவள் நான். நீ உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் இது இல்லாமல் வேறாக இருந்தால், அதுவும் உன்னோடு இருக்கட்டும், நான் கேட்கவில்லை. அந்தக் குரலுக்குரியவளை அழைத்துவந்தாலும் அரிசியும் பருப்பும் ஆக்கிப் போடுவேன். இரவில் பைக் மட்டும் ஓட்டாதே.

கம்மலை விற்றுவிட்டேன். மங்கலத்து அக்காவைப் பார்த்துவிட்டு வந்தேன். இப்போது மகள் வீட்டில் இருக்கிறாள், கண் சரியாகத் தெரியவில்லை. பணத்தை எண்ணிப் பார்க்காமல் முந்தானையில் முடிந்துகொண்டு, எனக்கு அப்போதே தெரியும் என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. காப்பி கொடுத்தாள். சோமனூர் அக்கா இறந்துவிட்டாள், அவள் மகனைத் தேடிக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஏழு பேர்.

கணக்குக்காக அட்டாலியிலிருந்து பழைய நோட்டுகளை இறக்கினேன். மூன்று நோட்டு. பேனாவில் நீ எழுதிய எண்ணுக்குக் கீழே, கோட்டை ஒட்டி, பென்சிலில் சின்னதாக இன்னொரு எண் இருக்கிறது. முதலில் கூட்டல் என்று நினைத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒவ்வொருவருக்கும் சரியான எண்ணிக்கையைக் குறித்துவைத்திருக்கிறாய். நான் வாராவாரம் மூன்று டஜன் என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன். உன் பென்சில் சில வாரம் ஐந்து என்கிறது, தீபாவளிக்கு முந்தின வாரம் ஏழு. நீ எழுதியிருப்பதை வைத்துத்தான் கொடுத்துவருகிறேன்.

இரண்டாம் நோட்டில் 2009 ஆகஸ்டு பக்கங்களைக் கரையான் அரித்துவிட்டது, நாலு வாரம் போய்விட்டது. உனக்கு நினைவிருந்தால் எழுது. இல்லையென்றால் ஏழு டஜன் என்றே வைத்துக்கொள்கிறேன்.

உன்
அம்மா