உன் கிற்றாரில் கை வைத்துவிட்டேன்

கல்லடி, மட்டக்களப்பு
நவம்பர் 9

அன்புள்ள மச்சான்,

நலம். அம்மாவும் நலம், மழை தொடங்கியதிலிருந்து முழங்கால் மட்டும் முறைப்பாடு செய்கிறது. வீட்டில் எல்லாரும் உன்னையும் பிள்ளைகளையும் விசாரித்து எழுதச் சொன்னார்கள். கட்டையனுக்குப் பேரன் பிறந்திருக்கிறான். பிறந்த அன்றே பாட்டனைப்போலக் கடன் கேட்கிற முகம். இனி விசயத்துக்கு வருகிறேன்.

ஓகஸ்ட் மாதத்திலிருந்து உன் அழைப்புகளை நான் எடுக்காததற்குக் காரணம், நீ நினைப்பதுபோலச் சீட்டுக்காசு அல்ல. உன் சிவப்புக் கிற்றாரைத் திறந்தேன். திறந்ததோடு நின்றிருக்கலாம். தொலைபேசியில் சொன்னால் பகிடி விட்டு மழுப்பிவிடுவேன் என்று எனக்கே தெரியும். அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

என் மருமகளை உனக்கு நினைவிருக்கும். நீ கடைசியாக வந்தபோது சொக்லேற்றை எண்ணிப் பார்த்து இரண்டு குறைகிறது என்றவள். இப்போது இங்கே கல்லடியிலேயே, விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் வாய்ப்பாட்டுப் படிக்கிறாள். பகலில் கல்யாணி, இரவில் மின்கிற்றார். அலுமாரிக்கு மேலிருந்த உன் பெட்டியை இறக்கித் தரச்சொல்லி ஒரு வாரம் நச்சரித்தாள், இறக்கினேன். 2004 டிசம்பர் 26 அன்று அந்த அலுமாரி அறைக்குள் மிதந்ததையும், உன் கிற்றார் அதன் மேல் தோணிக்காரனைப்போல உட்கார்ந்திருந்ததையும் அப்போதே எழுதியிருந்தேன். அந்த வீட்டில் அன்று நனையாமல் மிஞ்சியது அது ஒன்றுதான். கடலே தொடாமல் விட்டதை நான் தொட்டேன் என்பதற்காகத்தான் அதைத் திரும்பச் சொல்கிறேன்.

தந்திகளுக்கு அடியில் ஒலியைப் பிடிக்கிற பிக்கப் இரண்டில், கழுத்துப் பக்கத்தது பேசியது. தந்திகளைத் தாங்கி நிற்கிற பாலத்துப் பக்கத்தது ஊமை. மீற்றரை வைத்துப் பார்த்தேன், முள் அசையவில்லை. கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. முப்பத்தைந்து வருடமாக நீர்ப்பம்பும் மின்விசிறியும் சுற்றுகிற கை, விரல் நீளப் பெட்டி ஒன்றுக்குப் பயப்படுமா? மூடியைக் கழற்றி, பிசுபிசுத்துப்போன நாடாவை உரித்து, சவர அலகால் ஒரே கீறு. கம்பி முழுவதும் மொட்டை அடித்த முடிபோல மேசையில் விழுந்தது.

பிறகுதான் பார்த்தேன். உள்ளே எங்கும் அறுப்பு இல்லை. வெளிமுனை, தடித்த வயரோடு சேருகிற ஈயப்பொட்டின் அடியில், பச்சை பூத்து அரை மில்லிமீற்றர் விலகி நின்றது. நம் உப்புக்காற்றின் வேலை. ஒரு சுற்றைக் கழற்றி நுனியில் ஈயம் வைத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் பேசியிருக்கும். கடையில் பொடியன்களுக்கு நான் ஓதுகிற மந்திரம் உனக்குத் தெரியும்: ‘முதலில் முனைகளைப் பார், பிறகு வயிற்றைக் கிழி.’ அன்று பொடியன்கள் யாரும் கடையில் இல்லை, நல்லவேளை.

மச்சான், நீ மாமாங்கக் கோயிலில் வாசித்தது அந்தக் கம்பியில்தான். களுதாஞ்சிகுடிக் கல்யாணத்தில் ஜெனரேற்றர் நின்றபோது கடைசியாக ஒலித்ததும் அதில்தான். தொண்ணூறில் நெல் மூட்டைகளுக்கு நடுவே சாக்கில் சுற்றி வைத்து, ‘ஒரு மாதத்தில் வந்து எடுக்கிறேன்’ என்று நீ சொல்லிவிட்டுப் போனபோதும் அது முழுசாக இருந்தது. அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கம்பியைக் கொட்டவும் மனம் வரவில்லை. மலிபன் பிஸ்கற் டின்னில் போட்டு மூடினேன்.

சரி, அழித்தவன்தானே கட்ட வேண்டும். அவ்வளவு காலமும் பிக்கப்பை ஒரு சின்ன மைக் என்றே நினைத்திருந்தேன். அதற்குக் காதே இல்லையாம். கீழே காந்தம், மேலே இரும்புத் தந்தி ஆடும்போது காந்தப்புலம் கலைகிறது, சுற்றியிருக்கிற செப்புக் கம்பியில் மின்சாரம் துளிர்க்கிறது. என் கடை மோட்டரில் மின்சாரம் போய் அசைவாக வெளிவரும். இங்கே அசைவு போய் மின்சாரமாக வெளிவருகிறது. நைலோன் தந்தி போட்டு எவ்வளவு மீட்டினாலும் பிக்கப் வாயே திறக்காது. இவ்வளவு வருடமாக என் தொழிலைத்தான் நீ தலைகீழாகத் தோளில் மாட்டிக்கொண்டு திரிந்திருக்கிறாய், எனக்குத் தெரியவில்லை பார்.

கம்பியை மைக்ரோமீற்றரில் பிடித்தால் 0.06 மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூட. மின்விசிறிக்குச் சுற்றும் கம்பி இதன் பக்கத்தில் தேர்வடம். கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் நாலு கடை ஏறி இறங்கியும் கிடைக்கவில்லை. சென்னைக்குப் போன மாமி மகன் ரிச்சித் தெருவில் வாங்கி வந்தான். 1954இல் வந்த ஃபென்டர் ஸ்ட்ராட்டோகாஸ்ரர் கிற்றாரில் இந்தப் பருமன் கம்பிதான், பிக்கப் ஒன்றுக்கு ஏறத்தாழ 8,000 சுற்று. ஒரு கிலோமீற்றருக்கும் மேல் வரும். உன் கிற்றாரைச் செய்த ஜப்பான்காரன் எத்தனை சுற்றினான் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. 8,000 என்று நானே தீர்மானித்தேன்.

கடை மெசினில் வைத்தால் அது இழுத்த இழுப்பில் பத்தாம் சுற்றிலேயே அறுந்தது. ஆகவே அம்மாவின் தையல் மெசின். பொபினில் நூல் சுற்றுகிற முனையில் பிக்கப் கூட்டைப் பொருத்தி, அந்தச் சில்லில் ஒரு சின்னக் காந்தம் ஒட்டினேன். காந்தம் கடக்கும்போதெல்லாம் மூடித் திறக்கிற ஒரு கண்ணாடிக் குழாய்ச் சுவிச்சு உண்டு; அதை மருமகளின் பழைய கல்குலேற்றரில் ‘=’ பொத்தானுக்குக் குறுக்கே பற்றவைத்தேன். ‘1 + 1’ என்று தட்டிவிட்டு மிதித்தால், சுற்றுக்கு ஒன்றாக எண் ஏறுகிறது. வேகமாக மிதித்தால் அதற்குக் கணக்குத் தவறும். கம்பி போவதற்கு வழிகாட்டுவது என் இடக்கைப் பெருவிரலும் சுட்டுவிரலும், நடுவே ஒரு துண்டுக் கம்பளித்துணி. இறுக்கினால் அறும், தளர்த்தினால் சுருள் சோம்பிக் கிடக்கும். அறுகிறபோது சத்தமும் வராது. விரலிடுக்கில் இருந்த ஒரு சின்ன இழுவை காணாமல் போகும், அவ்வளவுதான். மெசின் சுற்றிக்கொண்டே இருக்கும், எண் ஏறிக்கொண்டே இருக்கும்.

காற்று ஆகாது என்று மின்விசிறியை நிறுத்தி, யன்னலையும் சாத்தினேன். முதற்சுருள் 2,900இல் ஒரு தும்மலுக்குப் போனது. இரண்டாவது, கட்டையன் பேரன் பிறந்த செய்தியோடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்த நேரத்தில் போனது. அம்மாவுக்குக் காது பாதிதான் கேட்கும். என்ன செய்கிறாய் என்று கேட்டாள். கொயில் சுற்றுகிறேன் என்றேன். எத்தனை தரம் என்றாள். எட்டாயிரம் என்றேன். ‘மாமாங்கக் கோயிலை மூன்று தரம் சுற்றச் சொன்னால் கால் நோகிறது என்பான், இப்போது எட்டாயிரமாம்’ என்று தங்கச்சியிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். நேர்த்திக்கடன் என்று அயலில் கதை பரவி, இரண்டு பேர் வந்து எனக்கு என்ன வருத்தம் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

மூன்றாவது முழுசாக வந்தது. மீற்றரில் தடை 5.9 கிலோ ஓம். பூட்டி மருமகளிடம் கொடுத்தேன். நல்ல சத்தம், பழையதைவிடப் பெரிய சத்தம். ஆனால் அது உன் கிற்றார் அல்ல, மச்சான். வெண்கலக் கிண்ணத்தில் தட்டியதுபோல இருந்த அந்த மேல்முனை இல்லை. வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பாடுவதுபோல இருந்தது. சுற்றுக் கூடினால் சத்தம் கூடும், கூர்மை போகும். இது நான் பிறகு படித்தது.

விடியும்வரை புரண்டு கிடந்தபோதுதான் தொழில் புத்தி திரும்பி வந்தது. பழைய மோட்டர் வந்தால் முதலில் என்ன செய்வோம்? கழற்றிய கம்பியை நிறுப்போம். பிஸ்கற் டின்னைத் தூக்கிக்கொண்டு பத்தரிடம் ஓடினேன். தங்கம் நிறுக்கிற தராசில் அவர் என் குப்பையை வைத்தபோது முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை, அதுதான் மரியாதை. 24 கிராம். மூன்று பவுண், செம்பில். நான் சுற்றிய 8,000 சுற்றுக்கு 31 கிராம் போயிருந்தது, அதைக் கம்பியுருளையை முன்னும் பின்னும் நிறுத்து வைத்திருந்தேன். ஒரே கூடு, ஒரே பருமன். நேர்கணக்குக்கு 6,200 வருகிறது. உள்சுற்றுகள் குட்டை, வெளிச்சுற்றுகள் நெட்டை என்பதால் கொஞ்சம் கூட்டிப் பிடித்தேன்: 6,400.

காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள், அழிந்துபோன யாழைப் பழம்பாட்டு வரிகளிலிருந்து கணக்குப் போட்டு மீட்டவர். அவர் சமாதிக்கு அரைக் கட்டைத் தூரத்தில் இருந்துகொண்டு நான் பிஸ்கற் டின்னை வைத்து ஜப்பான் கிற்றாரை மீட்கிறேன். சிரிக்காதே. அன்று எனக்கு அப்படித்தான் இருந்தது.

சுற்றியதைக் கழற்றி, மறுபடி 6,400. நாலரைக் கிலோ ஓமுக்குச் சற்று மேல். இம்முறை உன்னைக் கேளாமல் இன்னொரு காரியமும் செய்தேன். எதிர்த்திசையில் சுற்றி, அடியிலிருந்த காந்தப் பட்டையையும் புரட்டிப் போட்டேன். தனியாக வாசித்தால் வித்தியாசம் இல்லை. இரண்டு பிக்கப்பையும் சேர்த்துவிட்டால் தந்தியின் ஒலி கூடுகிறது, மின்சார இரைச்சல் ஒன்றையொன்று தின்றுவிடுகிறது. கிப்சன் கம்பனியில் இருந்த சேத் லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த இரட்டைச் சுருள் பிக்கப்பின் சூத்திரமும் இதுதான்; காப்புரிமை 1959இல்தான் கிடைத்தது. ஊறணியில் உன் பாட்டுக்கு முன்னால் மேடை முழுவதும் இரைந்ததே, அந்த இரைச்சல் இனி இல்லை. நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், உன் ரொறன்ரோவில் 60. ஸட்ஜத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் உள்ள தூரம் என்று மருமகள் கணக்குப் பார்த்துச் சொன்னாள். இரைச்சலில்கூட நீ எனக்கு மேலேதான் இருக்கிறாய்.

கிண்ணம் திரும்பி வந்திருக்கிறது. முழுவதுமா என்று என்னைக் கேட்காதே. முப்பது வருடத்துக்கு முந்திய சத்தத்துக்கு என் காதை நான் சாட்சிக்கு அழைக்க மாட்டேன். அதற்கு ஒரே சாட்சி நீதான்.

இப்போது ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. உண்மையில் இந்தக் கடிதமே அதற்குத்தான். சுருளை மெழுகில் தோய்ப்பதா, வேண்டாமா? மெழுகுவர்த்தி நாலு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 65 பாகை அளவில் உருக்கி, குமிழி நிற்கும்வரை முக்கி வைப்பது. சூடு மிஞ்சினால் பிளாஸ்ரிக் கூடு வளைந்துவிடும். மெழுகு கம்பிகளை அசையாமல் பிடித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் ஒலிபெருக்கிக்குக் கிட்டப் போனதும் நாய்போல ஊளையிடும். மருமகள் சத்தமாக வாசிக்கிறவள். மெழுகு வேண்டும் என்கிறாள். நியாயம்.

ஆனால் உன் பழைய சுருளில் மெழுகு இல்லை. சவர அலகால் கீறியபோது பொலபொலவென்று உதிர்ந்ததே, அதிலேயே தெரிந்தது. மிருதங்கக்காரன் வராத அன்று மோதிர விரலால் பிக்கப் மூடியில் தட்டித் தாளம் போட்டாயே, அது மெழுகு இல்லாததால்தான் கேட்டது. காது இல்லை என்று மேலே எழுதினேன். கம்பி தளர்ந்திருந்தால் கொஞ்சம் உண்டு. பௌர்ணமிக்குப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துப் பாடுமீன் கேட்டோமே, அதைப்போல மரத்தையும் விரலையும்கூட அது வாங்கிக்கொள்ளும். (அன்று நீ கேட்டது உன் வயிற்றைத்தான் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.) மெழுகு போட்டால் அந்தத் தட்டல் போய்விடும். ஒருமுறை உன்னைக் கேளாமல் கீறினேன். இரண்டாம் முறை அப்படிச் செய்ய மாட்டேன்.

மருமகள் வாசித்ததைத் தொலைபேசியில் பதிந்து அனுப்புகிறேன். முதலில் தந்தி, கடைசியில் மூடியில் நாலு தட்டு. காதில் மாட்டுகிற கருவியோடு கேள், காருக்குள் வைத்துக் கேளாதே. திட்டுவதாக இருந்தால் திட்டி முடித்துவிட்டுக் கேள். மெழுகு அடுப்படித் தட்டில் கட்டியாகவே கிடக்கிறது. அம்மா இரண்டு தரம் அதைச் சவர்க்காரம் என்று எடுத்துவிட்டாள். சீக்கிரம் பதில் போடு.

இப்படிக்கு,
ஓட்டைக்காது

பி.கு.: சீட்டுக்காசையும் நான் மறக்கவில்லை. அதைப் பிறகு பேசலாம்.