பன்னிரண்டு பேருக்கும் ஒரே டப்பா வேண்டாம்

தூத்துக்குடி
புரட்டாசி கடைசி ஞாயிறு

அன்புள்ள செல்வம்,

தீபாவளிக்கு லீவு கிடைக்கவில்லை என்று நேற்று நீ சொன்னதை அப்பாவும் நானும் எப்படியோ ஏற்றுக்கொண்டோம். பொங்கலுக்குப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் போனை வைக்கும்போது, "பன்னிரண்டு பேருக்கும் ஒரே மாதிரி டிரை ஃப்ரூட் டப்பா ஆர்டர் போட்டுவிடுகிறேன், அதோடு வேலை முடிந்தது" என்றாயே, அதுதான் இரவெல்லாம் உறுத்திக்கொண்டிருந்தது. காலையில் வாசலில் கோலம் போட்டுவிட்டு நேராக வந்து இந்தக் கடிதத்துக்கு உட்கார்ந்துவிட்டேன்.

அந்த டப்பாவை எனக்கு நன்றாகத் தெரியும். அப்பா வேலையில் இருந்தவரை வருடத்துக்கு ஏழெட்டு வரும். பளபளக்கும் அட்டை, உள்ளே நான்கு குழி, குழிக்கு ஒரு கைப்பிடி பாதாம், முந்திரி, பிஸ்தா, திராட்சை. அவற்றில் ஒன்றையாவது யார் கொடுத்தார்கள் என்று இன்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் 27 வருடத்துக்கு முன் எதிர்வீட்டு அத்தை ஒரு படி கறுப்பு உளுந்தைத் தோலோடு வறுத்து உடைத்து, மஞ்சள் பையில் கொண்டுவந்து, "பிள்ளை பெற்ற இடுப்புக்குக் கஞ்சி வைத்துக் குடி" என்று கொடுத்துவிட்டுப் போனது அந்த வாசனையோடு நினைவிருக்கிறது. நீ பிறந்து வந்த முதல் தீபாவளி அது.

ஒவ்வொரு ஞாயிறும் போனில் நீ அந்தப் புனே மனிதர்களைப் பற்றித்தான் பேசுகிறாய். பேச்சு எங்கே தொடங்கினாலும் சாப்பாட்டில்தான் வந்து நிற்கும். காபிக்கு உயிரை விடும் உன் மேலாளர், இனிப்பு இல்லாமல் பேச்சே வராத கொல்கத்தாப் பையன், மேல்மாடித் தஞ்சாவூர்த் தாத்தா, எதிர்வீட்டு ஜைனக் குடும்பம், வேலைக்கு வரும் அக்கா. யாருக்கு எது பிடிக்கும் என்று இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிற நீ, அதையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு ஒரே டப்பாவைக் கொடுக்கலாமா?

இந்த விஷயத்தில் நான் ஒரு பெரிய தவறு செய்திருக்கிறேன். உனக்கு இதுவரை சொன்னதில்லை. ஆசிரியையாகச் சேர்ந்த முதல் வருடம், எங்கள் தலைமையாசிரியைக்குத் தீபாவளிக்கு நம் ஊர் மக்ரூன் அரைக் கிலோ வாங்கிக்கொண்டு போனேன். அவர் வெளியூர்க்காரர். நுனி கூர்ந்த அந்த வெள்ளைக் கூம்பை விரலில் எடுத்து அழகு பார்த்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டார். "கரைந்தே போய்விட்டதே, என்ன சேர்க்கிறார்கள்?" என்று கேட்டார். முந்திரி, சீனி, முட்டை வெள்ளைக்கரு என்று நான் பெருமையாகச் சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் மாறிவிட்டது. ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. எழுந்து போய்க் குழாயடியில் வாயைக் கொப்பளித்துக்கொண்டே நின்றார். பிறந்ததிலிருந்து முட்டை தொடாதவர். மன்னிப்புக் கேட்டேன், "உனக்கு எப்படித் தெரியும், விடு" என்றார். ஆனால் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாதக்கணக்காக அவரோடு ஒரே அறையில் மதியச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறேன். எனக்குப் பிடித்ததை வாங்கினேனே தவிர, அவர் டிபன் பாக்ஸை ஒரு நாளும் கவனிக்கவில்லை.

அதனால்தான் எதிர்வீட்டு ஜைனக் குடும்பத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவர்கள் வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு சேர்க்கமாட்டார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். முட்டையும் ஆகாது, மக்ரூன் பக்கமே போகாதே. தேனையும் ஜைனர்கள் பலர் தொடுவதில்லை, ஆகவே மார்த்தாண்டம் தேனும் வேண்டாம். பூண்டு தட்டிப் போட்ட காரச்சேவும் கூடாது. அவர்களுக்குத் தீபாவளி மகாவீரர் நிர்வாணமடைந்த நாள். அன்றைக்கு அவர்கள் வீட்டுக்குள் போகும் பொருளில் சந்தேகமே இருக்கக் கூடாது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் கொடு. கடலை, வெல்லப்பாகு, மேலே தூவிய தேங்காய்ப்பூ, அவ்வளவுதான். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம். இருந்தாலும் கொடுப்பதற்கு முன் அந்த வீட்டு அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு. கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. கேட்டுக் கொடுத்தால் அவர்கள் கூடுதலாகத்தான் சந்தோஷப்படுவார்கள்.

முறுக்கு அனுப்பட்டுமா என்று அப்பா கேட்டார். புனேயில் வீட்டுக்கு வீடு சக்லி என்று முறுக்குதான் சுடுவார்கள். அங்கே முறுக்கைப் பரிசாகக் கொண்டுபோவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போல. அவர்கள் பலகாரத் தட்டு கொடுத்தனுப்பினால், தட்டை வெறுமையாகத் திருப்பாமல் நம் முறுக்கை வைத்துக் கொடு, அது வேறு. அதற்கென்று ஒரு டின் சுட்டு அனுப்புகிறேன்.

கொல்கத்தாப் பையனுக்கு என்ன கொடுப்பது என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. கருப்பட்டி. அவர்கள் ஊரில் குளிர்காலத்தில் ஈச்சமரச் சாற்றைக் காய்ச்சி நொலேன் குர் என்று வெல்லம் எடுப்பார்கள். சந்தேஷ் என்ற பால் இனிப்பிலும் பாயசத்திலும் அதைச் சேர்த்துச் சாப்பிட வருடம் முழுவதும் காத்திருப்பார்கள். புது வெல்லம் வரக் கார்த்திகை, மார்கழி ஆகிவிடும். ஐப்பசியில் அந்தப் பிள்ளை ஏங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் நம் பனைமரத்து வெல்லம் கையில் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். மரம் வேறு, ஊர் வேறு, ஆனால் முகர்ந்ததும் அவனுக்குப் புரிந்துவிடும்.

உடன்குடிப் பக்கத்திலிருந்து வரும் நம் பழைய வியாபாரியிடம் சொல்லிவைத்திருக்கிறேன். நீ சிறுவனாக இருந்தபோது அந்தச் செம்மணல் தேரிக் காட்டுக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனோமே, நினைவிருக்கிறதா? விடியுமுன் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பனை ஏறிப் பாளையைச் சீவிவிட்டு, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுவார்கள். சுண்ணாம்பு இல்லாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். சேர்த்த பதநீரை அகன்ற பாத்திரத்தில் மணிக்கணக்காகக் காய்ச்சி, பாகு இறுகும் பதத்தில் சிரட்டையில் ஊற்றுவார்கள். ஆடியோடு பதநீர் ஓய்ந்துவிடும். இப்போது கிடைப்பது கோடையில் காய்ச்சி வைத்த சரக்கு. 2023இல் உடன்குடிக் கருப்பட்டிக்கும் புவிசார் குறியீடு வந்தது.

சீனி கலந்ததும் சந்தையில் உண்டு, அதனால் நான் உடைத்துப் பார்க்காமல் வாங்கமாட்டேன். நேற்று மாதிரிக்கு ஒரு வட்டு கொண்டுவந்தார். அம்மிக் குழவியால் ஒரு தட்டுத் தட்டினேன். சீனி சேர்ந்திருந்தால் உடைந்த இடம் பளிச்சென்று மின்னும். இது மங்கலாக, ஈர மண் நிறத்தில் இருந்தது. முதுகில் சிரட்டையின் வழவழப்பு, ஓரத்தில் புகை வாசனை. ஒரு துண்டை நாக்கில் வைத்தால் இனிப்பு இறங்கின பிறகு லேசான உப்புக்கரிப்பு தங்கியது. அதுதான் வேண்டும். மழை தொடங்கிவிட்டால் நல்ல கருப்பட்டி கசியும். ஆச்சி அடுப்புக்கு மேலே பரணில் புகை படும்படி வைத்திருப்பாள். உன் அறையில் பரண் ஏது, காற்றுப் புகாத டப்பாவில் போட்டுவை. இரண்டு வட்டு அவனுக்குப் போதும். கூடவே, தட்டிப் போட்டுத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, தேங்காய்ப்பாலில் கலக்க வேண்டும் என்று ஒரு துண்டுத் தாளில் உன் கையால் எழுதி வை. எப்படிச் சாப்பிடுவது என்று தெரியாத பொருள் அலமாரியில்தான் கிடக்கும்.

ஆனால் அதே கருப்பட்டியை மேல்மாடித் தாத்தாவுக்குக் கொடுத்துவிடாதே. கருப்பட்டி சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்று யாராவது சொல்வார்கள், நம்பாதே. கருப்பட்டியும் சர்க்கரைதான். இருபது வருடமாக மாத்திரை போடுகிறவருக்கு அன்பின் பேரால் அதை நீட்டக் கூடாது. அவர் தஞ்சாவூரை விட்டு வந்து நாற்பது வருடம் என்றாய். மருமகள் ஊர் சமையலைச் சாப்பிட்டுக்கொண்டு, "வத்தக்குழம்பு சாப்பிட்டு எத்தனை நாளாச்சு" என்று உன்னிடம் சொன்னாராமே. அதைவிட என்ன வேண்டும்? நம் மொட்டைமாடியில் காய்ந்த மணத்தக்காளி வற்றலும் சுண்டைக்காய் வற்றலும் கால் கிலோ அனுப்புகிறேன். மோரில் ஊறியது, உப்பு இருக்கும், அளவாகப் போடச் சொல்லி மருமகளிடம் கொடு. முடிந்தால் ஒரு ஞாயிறு நீயே போய்க் குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டு வா. செய்முறை உனக்குத் தெரியும்.

மேலாளர் விஷயத்துக்கு வருகிறேன். உன் அறைக்கு வந்தபோது நீ போட்ட காபியை இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார் என்று சொன்னாய். அவருக்கு என்ன வேண்டும் என்று அவரே சொல்லிவிட்டார். ஒரு எவர்சில்வர் ஃபில்டர், இரண்டு டவரா டம்ளர், கால் கிலோ பொடி. ஒரு கிலோ வாங்கிக் குவிக்காதே. அரைத்த பொடியின் மணம் இரண்டு வாரத்தில் இறங்கிவிடும், கடைசி அரைக் கிலோவைக் குடிக்கும்போது உன்னைத்தான் நொந்துகொள்வார். கடையில் பாக்கெட் வாங்குவதானால் திருப்பிப் பார். காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை என்று அதில் போட்டிருக்க வேண்டும். சட்டப்படி 51 சதவீதம் காபி இருந்தால் போதும் என்பதால் மீதி 49ம் சிக்கரியாக இருக்கலாம். பரிசுக்கு அது ஆகாது. அப்பா குடிப்பது எண்பதுக்கு இருபது. அந்தச் சிக்கரி டிகாக்‌ஷனுக்குக் கெட்டியும் நிறமும் கொடுக்கும், அதற்கு மேல் போனால் காபியின் குரல் கேட்காது. பீபெர்ரிக் கொட்டையும், பிளாண்டேஷன் என்கிற தட்டைக் கொட்டை ரகமும் பாதிப் பாதி போட்டு வறுக்கச் சொல்கிறேன். காபிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு கொட்டை தட்டையாக ஒட்டியிருக்கும், ஒன்றே ஒன்று உருண்டையாக விளைந்தால் அது பீபெர்ரி. உருண்டையாக இருப்பதால் வாணலியில் நன்றாக உருண்டு சீராக வறுபடும் என்று கடைக்காரர் சொல்வார்.

வீட்டில் அரைக்கும் இயந்திரம் வைத்திருக்கிற காபிப் பைத்தியம் வேறு யாராவது உன் பட்டியலில் இருந்தால் அவருக்குப் பொடி வேண்டாம், சிக்கரியும் வேண்டாம், மான்சூண்ட் மலபார் கொட்டை கொடு. பாய்மரக் கப்பல் காலத்தில் நம் காபிக் கொட்டை மாதக்கணக்காகக் கடல் ஈரத்தில் பயணப்பட்டு, ஊதி, வெளிறி, புளிப்புக் குறைந்து ஐரோப்பாவுக்குப் போய்ச் சேரும். அந்த ருசி அவர்களுக்குப் பழகிவிட்டது. பயணம் சுருங்கிய பிறகு அதே ருசிக்காக மேற்குக் கரைக் கிடங்குகளில் கொட்டையைப் பரப்பிப் பருவக்காற்றில் ஊற வைக்கிறார்கள். காபியை நேசிக்கிறவருக்கு இந்தக் கதையையும் சேர்த்துச் சொல்லிக் கொடு.

ஒயின் பிரியமான நண்பன் ஒருவன் இருக்கிறான் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாய். என்னிடம் தயங்க வேண்டாம். ஒயினுக்குப் பேர்போன நாசிக் உனக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, நல்லது எது என்று விவரம் தெரிந்தவரிடம் கேட்டு வாங்கு. அவன் பெற்றோருடன் இருந்தால் அவர்கள் முன்னால் நீட்டாதே, அவன் கையில் தனியாகக் கொடு. கூடவே சாத்தூர்ச் சேவு ஒரு பொட்டலம் என் சார்பில் வை.

வேலைக்கு வரும் அக்காவை நீ பட்டியலில் பன்னிரண்டாவதாகச் சொன்னாய். நான் முதலில் வைப்பேன். உனக்கு வந்து மிஞ்சிய இனிப்பை அவரிடம் தள்ளிவிடாதே, அந்தப் பழக்கத்தைப் பல வீடுகளில் பார்த்து மனம் வெந்திருக்கிறேன். போனஸ் பணம் தனி. தீபாவளிக்கு அவர் வீட்டிலும் சக்லி, கரஞ்சி, லாடு எல்லாம் செய்தாக வேண்டும். நான்கு வீட்டில் வேலை முடித்துவிட்டுப் போய்த்தான் அதைச் செய்வார். ஆகவே பண்டிகையன்று கொடுப்பதால் பயனில்லை. பத்து நாள் முன்னதாகவே என்ன வேண்டும் என்று கேட்டு, கடலை மாவு, ரவை, எண்ணெய், நல்ல நெய் என்று வாங்கிக் கொடு. மேலாளருக்கு வாங்கும் தரத்தில் வாங்கு.

பால்கோவா கேட்டிருந்தாய். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வாங்கி, இங்கிருந்து பார்சல் போட்டு, புனே வந்து சேர்வதற்குள் அது தாங்காது. பொங்கலுக்கு வரும்போது இங்கே சாப்பிடு. மக்ரூனும் இந்த ஈரக்காற்றில் நமத்துவிடும், கேட்காதே.

மற்ற ஆட்களைப் பற்றி எனக்கு அவ்வளவாகத் தெரியாது. ஒவ்வொருவரும் மதியம் என்ன கொண்டுவருகிறார்கள், டீக்கடையில் என்ன கேட்கிறார்கள் என்று இந்த வாரம் கவனித்துப் பெயரோடு எனக்கு எழுது. முட்டை, பூண்டு, சர்க்கரை, கடலை இதில் யாருக்கு எது ஆகாது என்பதையும் சேர்த்துக்கொள். வியாழக்கிழமைக்குள் வந்தால் நல்லது. சனிக்கிழமை கருப்பட்டிக்காரர் வருகிறார், திங்கட்கிழமை முதலாவது பார்சலைப் போட்டுவிடுவேன். காபிப் பொடி மட்டும் கடைசி வாரத்தில் அரைத்துத் தனியாக வரும்.

பார்சலின் அடியில் வாழைமட்டை நாரால் கட்டிய ஒரு சின்ன டின் இருக்கும். அது உனக்கு, யாருக்கும் பங்கு கிடையாது. முந்திரிக்கொத்து. பாசிப்பயறு நேற்றே வறுத்துவிட்டேன், அப்பா தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
அம்மா