சனிக்கிழமை இரவு ஆடின பாட்டுகள்

அன்புள்ள மகளுக்கு,

போன சனி இரவு நீ கிளாஸ்கோவிலிருந்து போன் எடுத்தபோது, "என்னம்மா இவ்வளவு சத்தம், எங்கே நிற்கிறீங்கள்?" என்று கேட்டாய். பஸ் ஸ்டாண்டில் என்று பொய் சொன்னேன். நான் நின்றது ஒரு பப்பின் மேல்மாடி மண்டபத்தில், கையில் செருப்போடு.

எங்கள் பள்ளிக்கூடக் குசினியின் பெரிய சமையல்காரிக்கு 55 வயது. கேக் வெட்டினதும் ஒன்பது மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்றுதான் போனேன். எல்லோரும் கதிரையில் இருந்தபடி முழங்கால் வலியைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது 'ஐ வில் சர்வைவ்' பாட்டு தொடங்கியது. அந்த முதல் பியானோ ஒலிதான், பிறகு கதிரைகளில் ஒருத்தியும் இல்லை. உருளைக்கிழங்கு தோல் சீவும்போது வாயே திறக்காத ஒருத்தி இருக்கிறாள், புருஷன் விட்டுப்போனவள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு சொல் விடாமல் பாடினாள். என்னையும் கையைப் பிடித்து இழுத்தார்கள். சரி, சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு நானும் இறங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தும் நித்திரை வரவில்லை. இந்தப் பாட்டுகளில் அப்படி என்ன இருக்கிறது என்று தேடித்தேடி வாசித்தேன். கிளோரியா கேனர் 1978-இல் மேடையில் விழுந்து, முதுகெலும்பில் சத்திரசிகிச்சை செய்து, முதுகுப்பட்டியோடு நின்றுதான் 'ஐ வில் சர்வைவ்' பாடினாராம். கம்பனிக்காரர் வேறொரு பாட்டை நம்பி, இதை இசைத்தட்டின் பின்பக்கத்தில் போட்டார்கள். டிஸ்கோக்களில் தட்டுப் போடுகிறவர்கள் திருப்பிப் போட்டதால்தான் உலகம் கேட்டது. பின்பக்கத்தில் கிடந்த பாட்டு என்பது எனக்குப் பிடித்துவிட்டது.

அதைவிட டினா டர்னர். அடிக்கிற புருஷனை விட்டு 1976-இல் டாலஸில் ஒரு ஹோட்டலிலிருந்து ஓடும்போது அவரிடம் இருந்தது 36 சதமும் பெற்றோல் அட்டை ஒன்றும். விவாகரத்தில் தன் மேடைப் பெயரைக் கேட்டு வாங்கினார். 'வாட்ஸ் லவ் காட் டு டூ வித் இட்' 1984-இல் அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தபோது அவருக்கு 44 வயது. முதலில் அந்தப் பாட்டே அவருக்குப் பிடிக்கவில்லையாம்! ஷெர் 52 வயதில் பாடின 'பிலீவ்' மட்டும் எனக்கு ஒட்டவில்லை. குரல் மெஷினுக்குள்ளால் வருகிற மாதிரி. இதைப் பெரிய சமையல்காரிக்குச் சொன்னால் கரண்டியால் அடிப்பாள்.

ஆபா என்ற சுவீடன் பாட்டுக்குழுவின் 'டான்சிங் குவீன்' 17 வயதுப் பிள்ளையைப் பற்றிய பாட்டு. அதற்கு மண்டபத்தில் ஒரு இளசும் எழும்பவில்லை, எங்கள் வயதுக்காரிகள்தான் துள்ளினோம்.

ஆனால் நான் இதை எழுதுவது அவர்களுடைய வேறொரு பாட்டுக்காக. 'ஸ்லிப்பிங் த்ரூ மை ஃபிங்கர்ஸ்', 1981. மகள் லிண்டா பள்ளிக்கூடம் போவதைப் பார்த்துத் தகப்பன் பியோர்ன் எழுதினார், தாய் அக்னெதா பாடினார், இரண்டு பேரும் அந்தக் குழுவில்தான். அதற்குள் அவர்கள் இரண்டு பேரும் பிரிந்துவிட்டார்கள். பையோடு பிள்ளை கையசைத்துவிட்டுப் போகிறாள், தாய் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவ்வளவுதான் பாட்டு. பிறகு 2008-இல் வந்த 'மாமா மியா' படத்தில், மகளைக் கலியாணத்துக்கு வெளிக்கிடுத்தும்போது மெரில் ஸ்ட்ரீப் பாடுகிறார். (பயப்படாதே, நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை.)

அந்தத் தாய் பார்க்கவாவது பார்த்தாள். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் விடிய ஐந்து மணிக்கு ஒபிஸ் துப்புரவாக்கப் போய்விடுவேன். அப்பாதான் உனக்குப் பின்னல் போட்டுவிடுவார், ஒன்று காதுக்கு மேலே, மற்றது தோளுக்குக் கீழே. பின்னேரம் நீ வரும்போது அந்தக் கோணல் பின்னலை அவிழ்த்ததுதான் எனக்குத் தெரியும். கையசைத்துவிட்டுப் போனாயா, அழுதுகொண்டு போனாயா, அப்பாவைக் கேட்டேன். அவருக்கு ஞாபகமில்லையாம். உனக்கு இருந்தால் எழுது.

குளியலறையில் நீ இந்தப் பாட்டுகளைக் கத்திப் பாடும்போதெல்லாம், "இதற்கு ஒரு தேவாரத்தைப் பாடமாக்கியிருக்கலாம்" என்று கதவில் தட்டியிருக்கிறேன். தேவாரம் சொன்னதில் பிழையில்லை. கதவில் தட்டியிருக்க வேண்டாம்.

அடுத்த மாதம் இன்னொருத்திக்கு அறுபது. ஒன்பது மணி பஸ்ஸுக்கு வரமாட்டேன் என்று அப்பாவிடம் சொல்லியாகிவிட்டது. அன்றிரவு நீ போன் எடுக்காதே, எனக்குக் கேட்காது.

அன்புடன்,
அம்மா