பேய்க் கதைக்குக் கணக்கு வேண்டாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் தொலைக்காட்சிப் பக்கத்தில், ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ என்ற அமெரிக்க அமானுஷ்யத் தொடரில் ரசிகர்கள் கண்டுபிடித்த பிழை பற்றி ஒரு துணுக்கு வந்திருந்தது. அதன் கடைசி வரிதான் மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது: “பேய்க் கதையில் போய் லாஜிக் பார்க்கலாமா?” எழுதியவர் புதியவராக இருக்கலாம். ஆனால் படித்துப் பார்த்து அச்சுக்கு அனுப்பியது தாங்கள். எத்தனையோ தொடர்களுக்கு விமர்சனம் எழுதிய தங்களுக்கு அந்த வரி தவறு என்று தெரியாமல் இருந்திருக்காது. வருத்தமே அதனால்தான்.

துணுக்கில் சொன்ன பிழையையே எடுத்துக்கொள்வோம். அதில் வரும் வில் பையர்ஸ் என்ற சிறுவனின் பிறந்தநாள் மார்ச் 22. நான்காம் சீசனில் 1986 மார்ச் 22 வருகிறது, அவனும் கூடவே இருக்கிறான், யாரும் வாழ்த்துச் சொல்லவில்லை. அதோடு முடித்துவிட்டீர்கள். அந்தத் தேதி முதலில் எங்கே, எப்படிச் சொல்லப்பட்டது என்பதல்லவா முக்கியம்? இரண்டாம் சீசனில் பையனுக்குள் வேறொன்று புகுந்துவிடுகிறது. கொட்டகைக்குள் அவனைக் கட்டிவைத்திருக்கிறார்கள். அம்மா ஜாய்ஸ் எதிரில் உட்கார்ந்து, மார்ச் 22 என்ன நாள் தெரியுமா, உன் பிறந்தநாள் என்று ஆரம்பிக்கிறாள். எட்டு வயதில் அவனுக்கு 120 நிறங்கள் இருந்த கிரேயான் பெட்டி வாங்கித் தந்ததையும், அதில் அவன் விண்கலம் வரைந்ததையும் சொல்கிறாள். பிள்ளையை மீட்க அந்தத் தாயிடம் இருந்ததே அந்த ஞாபகம் ஒன்றுதான். அதே தேதியைத் தொடரை எடுத்தவர்கள் மறந்தால் அது சில்லறைப் பிழையா? மறந்துவிட்டோம் என்று தொடரை உருவாக்கிய டஃபர் சகோதரர்களே பேட்டியில் ஒப்புக்கொண்டார்கள். பழைய காட்சியில் ‘மார்ச்’சை ‘மே’ ஆக்கிவிடலாமா, ஜாய்ஸாக நடித்த வினோனா ரைடரின் வாயசைவுக்கு அது பொருந்திவிடும் என்றுகூட யோசித்தார்கள். எடுத்தவர்களுக்கே உறுத்தியிருக்கிறது. தங்கள் பக்கத்துக்கு மட்டும் அது வேலையற்றவர்களின் பொழுதுபோக்காகத் தெரிந்திருக்கிறது.

மற்ற எந்தக் கதையையும்விடப் பேய்க் கதைக்குத்தான் கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. குடும்ப சீரியலில் மேஜைமேல் இருந்த தம்ளர் அடுத்த ஷாட்டில் இல்லையென்றால், கவனக்குறைவு என்று பார்ப்பவர் விட்டுவிடுவார். பேய் சீரியலில் தம்ளர் காணாமல் போனால், யாரோ எடுத்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். அப்படி நினைக்கும்படி அவரைப் பழக்கியதே நாம்தானே?

இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். சீரியல்களில் உதவி இயக்குநராக இருந்தவன். கன்டினியூட்டி நோட்டு என் கையில்தான் இருக்கும். எந்தக் கையில் வாட்ச், பொட்டு என்ன நிறம், புடவைத் தலைப்பு தோளில் எப்படி இருந்தது, காபி எந்த அளவுக்குக் குடிக்கப்பட்டிருந்தது எல்லாம் அதில் ஏறும். நடுராத்திரிக் காட்சியில் சுவர்க் கடிகாரம் சாயங்காலம் நாலரையைக் காட்டிவிடக்கூடாது என்று முள்ளைத் திருப்பி வைத்து, செல்லைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வேன்.

ஒரு ஆவி சீரியல். செத்துப்போன பெண்ணின் படத்துக்குச் சந்தன மாலை போட்டிருந்தோம். மதியத்துக்குமேல் அந்த மாலையைப் பக்கத்து ஷூட்டிங்குக்குக் கொடுத்துவிட்டு, ஆர்ட் டிபார்ட்மென்டில் ஒரு பிளாஸ்டிக் ரோஜா மாலையை மாட்டிவிட்டார்கள். மாலை மாறியிருக்கிறது என்று நோட்டைக் காட்டினேன். “பேய் சீரியல்தானேப்பா, யாரு பார்க்கப் போறா?” என்றார் இயக்குநர். ஷாட் எடுத்தாகிவிட்டது. ஒளிபரப்பான மறுநாள் ஆபீசுக்கு ஒரு பாட்டி போன் பண்ணினார். “அந்த மாலையை மாத்தினது மூத்த மருமகதானே? அவதானே கொன்னவ?” என்று கேட்டார். எந்த எபிசோடில் எந்த மாலை இருந்தது என்று வரிசையாகச் சொன்னார். எங்கள் கதையில் இல்லாத ஒரு கதையை, எங்களுடையதைவிட நல்ல கதையை, அவர் அந்த மாலையை வைத்தே கட்டியிருந்தார். அந்த அம்மாவிடம் என்ன பதில் சொல்வது? “பார்த்துக்கிட்டே இருங்கம்மா” என்று போனை வைத்தார்கள். அவரைப் போன்றவர்களைத்தான் அந்தத் துணுக்கு, போகிற போக்கில் அவமானப்படுத்தியிருக்கிறது.

தினமும் எடுத்துத் தள்ளுகிற தொடரில் இதெல்லாம் முடியுமா என்று கேட்பார்கள். அமெரிக்காவில் ஏபிசி தொலைக்காட்சியில் ‘டார்க் ஷேடோஸ்’ என்ற அமானுஷ்யத் தொடர் 1966 முதல் 1971 வரை, 1225 எபிசோடுகள் ஓடியது. டேப்பை வெட்டி ஒட்டச் செலவாகும் என்பதால் மைக்கின் நிழல் விழுந்தாலும், நடிகர் வசனத்தில் தடுமாறினாலும் அப்படியே விட்டார்கள். அதை மன்னித்துவிடலாம், அவசரம். ஆனால் ஜோசெட் என்ற பெண் 1834இல் இறந்ததாக முதலில் காட்டிவிட்டு, அப்புறம் கதையை 1795க்குக் கொண்டுபோய் அந்தக் காலத்திலேயே அவளைச் சாகவைத்தார்கள். பர்னபாஸ் என்கிற ரத்தக்காட்டேரியின் துயரம் மொத்தமும் அவளைச் சுற்றித்தான் இருக்கிறது. இதற்கு அவசரத்தைக் காரணம் சொல்ல முடியாது.

நம் ஊரிலும் ஒழுங்காக எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். ‘மர்மதேசம்’ வரிசையில் ‘விடாது கருப்பு’ ஒரு பக்கம் பழைய காலம், ஒரு பக்கம் இன்றைய காலம் என்று மாறி மாறிப் போகும். அங்கே விழுந்த முடிச்சு இங்கே அவிழும். பார்க்காதவர்களுக்காக முடிவைச் சொல்லவில்லை. கருப்பு என்ற காவல் தெய்வம் நிஜமா இல்லையா என்று வாரக்கணக்கில் வீட்டுக்கு வீடு விவாதம் நடந்ததற்குக் காரணம், காட்டியதை எல்லாம் ஜனங்கள் நம்பிக் கணக்கில் வைத்துக்கொண்டதுதான்.

அந்தத் தொடரைப் பற்றி எழுதும்போதாவது தாங்கள் கவனமாக இருந்திருக்கலாம். 2024 நவம்பரில், அதன் கதையை எழுதிய இந்திரா சௌந்தர்ராஜன் மறைந்தபோது வெளியிட்ட அஞ்சலிக் குறிப்பில், ‘விடாது கருப்பு’வை இயக்கியவர் கே.பாலசந்தர் என்று போட்டிருந்தீர்கள். பாலசந்தரின் மின் பிம்பங்கள் நிறுவனம் தயாரித்தது, இயக்கியவர் நாகா. மறுநாளே எழுதினேன், திருத்தம் வரவில்லை. பிறகு பொங்கல் மலர் வினாடிவினாவில், ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரில் வில் காணாமல் போன வருடம் 1984 என்று விடை கொடுத்தீர்கள். 1983 நவம்பர் 6 என்று முதல் எபிசோடின் தொடக்கத்திலேயே திரையில் எழுத்தாக வருகிறது. சரியான விடை எழுதியவர்களுக்குப் பரிசு போயிருக்காதே என்று அதற்கும் எழுதினேன். ஒரு வரி பதில்கூட இல்லை. பக்கம் நிறைய நடிகைகளின் பட்டுப்புடவைப் படம் போட இடம் இருக்கிறது.

‘இவருக்குப் பதில் இவர்’ என்று ஒரு அட்டையைக் காட்டிவிட்டு மாமனாரையே மாற்றுகிறவர்களை நாம் ஏற்றுக்கொண்டாகிவிட்டது. யாரும் கேட்பதில்லை என்பதால்தானே அது வழக்கமாயிற்று? கேட்கவேண்டிய இடத்தில் இருப்பவை தங்கள் இதழ் போன்றவை. தாங்களே “பார்க்கலாமா?” என்று எழுதினால், செட்டில் நோட்டோடு நிற்கும் பையனின் பேச்சை யார் கேட்பார்கள்?

தங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நாகாவின் பெயருக்கும், 1983க்கும் ஒரு திருத்தம் போடுங்கள். இரண்டு வரி போதும். அதே தொலைக்காட்சிப் பக்கத்தில், அதே எழுத்தளவில் வரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
வளசரவாக்கம், சென்னை.