‘காசு சேர்ந்துவிட்டது’ என்றும் நாலு வரி போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை, ஏழை நோயாளரின் சத்திரசிகிச்சைக்குப் பொதுமக்களிடம் இணையத்தில் பணம் திரட்டுவது பற்றியதை, இரண்டு தரம் வாசித்தேன். நல்ல விஷயத்தை எழுதியிருக்கிறார்களே என்று முதல் தரம் சந்தோஷப்பட்டேன். இரண்டாம் தரம் ஒரு வரியைத் தாண்ட முடியவில்லை. தன் கதையை உருக்கமாகச் சொல்லத் தெரிந்த ஏழைக்குப் பணம் தானாக வந்து சேரும் என்று அதில் இருந்தது.

அதை எழுதியவர் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை என்று நம்புகிறேன். ஆனால் கொட்டாஞ்சேனையில் இருபத்திரண்டு வருஷமாகப் போட்டோ கொப்பி, டைப்பிங், லெமினேட் கடை வைத்திருப்பவன் நான். அந்தக் கதைகளை டைப் பண்ணிக் கொடுத்த கை என்னுடையது. அதனால்தான் சுட்டது.

டொக்டரின் கடிதம், கிராம சேவகரின் கடிதம், பேங்க் புத்தகத்தின் முதல் பக்கம், நோயாளியின் போட்டோ. இந்த நாலையும் சுருக்கி ஒரே தாளில் எடுத்து லெமினேட் மெஷினில் விட்டுக் கொடுப்பேன். அதைக் காட்டித்தான் பஸ்ஸில் காசு கேட்பார்கள். போன வருஷம் மட்டக்குளிப் பக்கமிருந்து ஒரு தாய் வந்தார். பிள்ளைக்கு இருதயத்தில் ஓட்டை. தாள் மெஷினில் இருந்து வந்தபோது டொக்டரின் சீலுக்கு மேலே காற்றுக் குமிழ் ஒன்று நின்றது. “இப்படி இருந்தா பஸ்ல நம்ப மாட்டாங்க அண்ணே, இன்னொன்னு அடிச்சித் தாங்க” என்று முந்தானை முடிச்சை அவிழ்த்தார். பிறகு போட்டோவைப் பார்த்தார். பிள்ளை பிறந்தநாள் தொப்பி போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது. “அழுவுற மாதிரி ஒன்னு ஒங்க போன்ல எடுத்துத் தாறீங்களா? சிரிச்சா காசு விழாதாம்” என்றார். பிள்ளை பக்கத்தில் நின்று எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது.

உருக்கமாகச் சொல்வது என்றால் எங்கள் தெருவில் இதுதான் ஐயா.

ஏழை நோயாளருக்கு இணையத்தில் பணம் திரட்டுகிறது என்று நீங்கள் பாராட்டி எழுதிய வாட்சி அமைப்பின் கதையும் பஸ்ஸில்தான் தொடங்குகிறது. கொஸ்டாரிக்காவில் வாட்சி என்ற ஊர்வழியே போன பஸ்ஸில் ஒரு பெண் மகனின் வைத்தியக் கடதாசிகளைக் காட்டிக் காசு கேட்டார். அதைப் பார்த்த ஒரு அமெரிக்க இளைஞர் 2012 இல் அந்த அமைப்பைத் தொடங்கினார். அப்படி ஒரு பெண் இங்கே கொழும்பில் 155 பஸ்ஸில் தினமும் ஏறுகிறாள். உங்கள் நிருபர் அவளைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது.

அந்த அமைப்பில் மெச்ச வேண்டியது கண்ணீர் அல்ல. நோயாளி யார், என்ன நோய் என்று அங்கே வைத்தியசாலையே உறுதிப்படுத்துகிறது. ஒபரேஷனுக்கு எவ்வளவு என்பது முன்னாலேயே தெரியும். காசு நோயாளியின் கைக்கோ சொந்தக்காரரின் கணக்குக்கோ போவதில்லை, சிகிச்சை கொடுக்கும் இடத்துக்குப் போகிறது. நோயாளிக்கென்று கொடுத்தது முழுவதும் சிகிச்சைக்கே, அலுவலகச் செலவுக்கு வேறாகச் சேர்க்கிறார்கள். தேவையான தொகை வந்ததும் அந்த நோயாளிக்கு வாங்குவதை நிறுத்துகிறார்கள், பிறகு ஆள் எப்படி இருக்கிறார் என்று கொடுத்தவருக்கு அறிவிக்கிறார்கள். இவ்வளவுக்கும் உங்கள் கட்டுரையில் அரை வரி. போட்டோ எப்படி எடுப்பது என்பதற்கு ஒரு பந்தி.

எந்த மொழியில் கதை சொல்வது என்றாவது எழுதியிருக்கலாம். டொக்டர் ஆங்கிலத்தில் எழுதுகிறார். படிவம் சிங்களத்தில் வருகிறது. 1987 இல் வந்த அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது, ஆனாலும் எங்கள் சனம் தன் நோய் என்னவென்று அறிய என் கடைக்குத்தான் வருகிறது. அதற்கு நான் காசு வாங்குவதில்லை.

1951 இலிருந்து இங்கே அரசாங்க வைத்தியம் இலவசம்தானே என்று வெளிநாட்டுச் சொந்தங்கள் கேட்கிறார்கள். ஒபரேஷன் இலவசம்தான், அதற்காக நான் இந்த நாட்டுக்கு நன்றியுள்ளவன். திகதிதான் கிடைப்பதில்லை. 2022 மார்ச்சில் பேராதனை போதனா வைத்தியசாலையில் மருந்தில்லாமல் சத்திரசிகிச்சைகளை ஒத்திவைத்தது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்த வருஷம்தான் என் தம்பியும் விழுந்தான்.

தம்பி புறக்கோட்டையில் நாட்டாமை. மூட்டை தூக்குகிற ஆள், படி ஏற மூச்சு வாங்கினான். சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சல் இருதய வால்வைக் கெடுத்திருந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்து காத்திருக்கச் சொன்னார்கள். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் 14 இலட்சம் கேட்டார்கள். ஊருக்கெல்லாம் டைப் பண்ணின எனக்குத் தம்பியின் பெயரை டைப் பண்ணக் கை ஓடவில்லை, கடைப் பையன்தான் அடித்தான். மே மாதம் நீங்கள் அந்த உதவி கோரலைப் போட்டோவோடு பிரசுரித்தீர்கள். அந்த உதவியை நாங்கள் மறக்கவில்லை.

ஆறு கிழமையில் 9 இலட்சத்து 40 ஆயிரம் சேர்ந்தது. நவம்பரில் அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே திகதி வந்தது, இலவசமாகவே வால்வு மாற்றினார்கள். வெளியில் எடுத்த எக்கோ, அஞ்சியோகிராம், வால்வு மாற்ற முன் பல் பிடுங்கியது, வேன் கூலி, வேலையில்லாத மாதங்களின் வீட்டுச் செலவு எல்லாமாக 3 இலட்சத்து 20 ஆயிரம். மிச்சத்தை, இலக்கம் தெரிந்த ஆட்களுக்கெல்லாம் கோல் எடுத்துக் கேட்டு, வேறு இரண்டு நோயாளருக்குக் கொடுத்தோம். பற்றுச்சீட்டெல்லாம் சீ.ஆர். கொப்பியில் ஒட்டி வைத்திருக்கிறேன். யாரும் வந்து பார்க்கலாம்.

2023 ஜனவரியில் அந்தக் கொப்பியோடு உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். ஒபரேஷன் முடிந்துவிட்டது, இனிப் பணம் வேண்டாம் என்று நாலு வரி போடக் கேட்டேன். விளம்பரப் பகுதிக்குப் போகச் சொன்னார்கள். அங்கே வரிக் கணக்கில் காசு கேட்டார்கள். சனத்தின் காசில் அதைக் கட்ட மனம் வராமல் திரும்பினேன். பிறகு இரண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை.

அந்த நாலு வரி வராததால் நடந்தது இது. நீங்கள் போட்ட போட்டோ பேஸ்புக்கில் இன்னும் சுற்றுகிறது. 2024 இல் அதே முகத்தின் கீழே யாரோ ஒருவனின் கணக்கு இலக்கம் இருந்தது. பொலிஸில் முறைப்பாடு கொடுத்தோம். தம்பி இப்போது மூட்டை தூக்குவதில்லை, ஒரு மொத்தக் கடையில் பில் எழுதுகிறான். போன மாதம் கடைக்கு வந்த ஒருவர், “இன்னும் அதே ஒபரேஷனுக்கா சேர்க்கிறீர்?” என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டிருக்கிறார். தம்பி ஒன்றும் பேசாமல் சேட்டுப் பொத்தானைக் கழற்றி நெஞ்சுத் தழும்பைக் காட்டியிருக்கிறான்.

ஒபரேஷனுக்குக் காசு சேரும், அதற்குப் பிறகு வாழ்வதற்குச் சேராது என்பதையும் யாரும் எழுதுவதில்லை. இயந்திர வகைச் செயற்கை வால்வு வைத்தவன் இரத்தம் கட்டாமலிருக்கச் சாகும்வரை வார்பரின் குளிசை போட வேண்டும். இரத்தம் உறையும் அளவை அடிக்கடி சோதிக்க வேண்டும். கிளினிக் நாளில் அரைநாள் சம்பளம் போகும். குளிசைக் கவரைப் போட்டோ எடுத்துப் போட்டால் யார் உருகுவார்கள்?

1978 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த ஜனாதிபதி நிதியம் சத்திரசிகிச்சைக்கு உதவுகிறது. 2025 இலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். என் கடைக்கு வருகிற பத்துப் பேரில் இரண்டு பேருக்குக்கூட இது தெரியாது. உங்கள் முழுப்பக்கக் கட்டுரையில் இதற்கு ஒரு வரி கிடைக்கவில்லையா? லான்செட் மருத்துவ சஞ்சிகையின் 2015 ஆணைக்குழு அறிக்கையை மட்டும் காட்டியிருக்கிறீர்கள். உலகம் முழுவதும் வருஷத்துக்கு 3 கோடி 30 இலட்சம் பேர் சத்திரசிகிச்சைச் செலவால் நொடிந்து போகிறார்கள் என்று சொன்ன அறிக்கை அது. அத்தனை பேரும் கதை சொல்லப் பழக வேண்டுமா?

நான் கேட்பது பெரிதல்ல. உதவி கோரல் போடுமுன் ஆஸ்பத்திரியோடு ஒருதரம் கதைத்து உறுதிப்படுத்துங்கள். பிள்ளைகளின் முகத்தைப் போடாதீர்கள். தொகை சேர்ந்ததும், கேட்ட அதே பக்கத்தில், காசு வாங்காமல், போதும் என்று ஒரு சின்னப் பெட்டி போடுங்கள். முதல் பெட்டியாகக் கீழே உள்ளதைப் போட்டால் போதும். 2023 இல் நான் கொண்டுவந்த அதே வாசகம்தான்:

“2022 மே மாதம் இருதய சத்திரசிகிச்சைக்கு உதவி கோரியிருந்த புறக்கோட்டைத் தொழிலாளிக்குச் சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டது. அந்தக் கணக்கு மூடப்பட்டுள்ளது. தயவுசெய்து இனிப் பணம் அனுப்ப வேண்டாம். உதவிய எல்லோருக்கும் குடும்பத்தினரின் நன்றி.”

இப்படிக்கு,
நீண்டகால வாசகன்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.