கூண்டுக் குருவிக்குத் தினையும் தண்ணீரும் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முழு ஆண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை தொடங்கியதும், பிள்ளைகள் கேட்கிறார்களே என்று ஒரு ஜோடி ‘லவ் பேர்ட்ஸ்’ வாங்கிக் கொடுக்கும் வீடுகள் நம் ஊர்களில் ஏராளம். நானும் அப்படி வாங்கியவள்தான். வளர்க்கும் முறை தெரியாமல் ஒன்றைச் சாகக் கொடுத்தவள் என்பதால், இந்த ஆண்டு வாங்க இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக நாங்கள் மூன்று நாள் வெளியூர் சென்றிருந்தோம். பக்கத்து வீட்டு அம்மா காலையும் மாலையும் வந்து பார்த்துவிட்டு, “தண்ணீர் மாற்றிவிட்டேன், கிண்ணம் நிறையத் தினை இருக்கிறது, கவலைப்படாதீர்கள்” என்று தொலைபேசியில் சொன்னார். திரும்பி வந்தபோது நீல நிற ஆண் குருவி கூண்டின் தரையில் இறகை உப்பிக்கொண்டு, கண் சொருகி உட்கார்ந்திருந்தது. கிண்ணத்தை எடுத்து ஊதினேன். அத்தனையும் உமி, பறந்த உமிக்கு அடியில் நாலைந்து மணிகூட இல்லை. இந்தக் குருவிகள் ஒவ்வொரு மணியையும் அலகால் உரித்து, பருப்பை மட்டும் விழுங்கிவிட்டு உமியைக் கிண்ணத்திலேயே விட்டுவிடும் என்பதும், அதனால் காலிக் கிண்ணமும் நிறைந்த கிண்ணம்போலவே தெரியும் என்பதும் எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. மறுநாள் விடியுமுன் அது இறந்துவிட்டது. விற்ற கடைக்காரர் எங்களிடம் சொன்னதெல்லாம், “தினையும் தண்ணீரும் வைத்தால் போதும்” என்ற ஒரே வாக்கியம்தான்.

நாம் லவ் பேர்ட்ஸ் என்று அழைக்கும் பறவையின் பெயர் உண்மையில் பட்ஜெரிகர். (அசல் லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறு இனம்.) ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில், புல் விதையையும் தண்ணீரையும் தேடிக் கூட்டம் கூட்டமாக நெடுந்தொலைவு பறக்கும் கிளி இனம் இது. முப்பது, நாற்பது கிராம் எடையுள்ள அந்த உடல் பறப்பதற்கென்றே அமைந்தது. அதைத் திரும்பக்கூட இடமில்லாத உருண்டைக் கூண்டில் அடைத்து வைப்பது கொடுமை என்றே சொல்வேன். பறவை கிடைமட்டமாகத்தான் பறக்கிறது. ஆகவே கூண்டு உயரமாக இருப்பதைவிட நீளமாக இருப்பதே முக்கியம். ஒரு ஜோடிக்கு இரண்டரை அடி நீளமாவது வேண்டும். கம்பிகளுக்கு இடையே அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது. கடையில் தரும் வழவழப்பான பிளாஸ்டிக் குச்சியிலேயே நாள் முழுக்க நின்றால் பாதம் புண்ணாகும் என்பதால், தடிமன் ஒன்றுபோல் இல்லாத வேப்பங்கிளை, கொய்யாக்கிளைகளைக் கழுவிக் காயவைத்துப் பொருத்துவது நல்லது.

தினை தேவைதான், ஆனால் தினையையே தின்று வளரும் குருவிக்கு வைட்டமின் ஏ குறைந்து, சளியும் சுவாச நோயும் எளிதில் வரும். கொத்தமல்லித் தழை, முருங்கைக் கீரை, துருவிய கேரட் ஆகியவற்றை நன்றாக அலசித் தினமும் சிறிதளவு வைக்க வேண்டும். முதல் சில நாள் தொடாது; சலிக்காமல் வைத்தால் பழகிக்கொள்ளும். சுண்ணாம்புச் சத்துக்குக் கூண்டுக் கம்பியில் ஒரு துண்டு கடல் நுரை (கணவாய் மீனின் ஓடு) கட்டிவைக்கலாம். நாம் தின்னும் முறுக்கு, மிக்சர் போன்றவற்றை ஆசையாக ஊட்டுவதைத் தவிர்க்க வேண்டும். சாக்லேட், காபி, அவகாடோ ஆகியவை பறவைக்கு நஞ்சு.

பலரும் கவனிக்காதது புகை. நுரையீரலோடு காற்றுப் பைகளும் கொண்ட பறவையின் உடல், மூச்சில் வரும் நஞ்சை நம்மைவிட வேகமாக உள்வாங்கிக்கொள்கிறது. அடுப்பில் மறந்துவிட்ட நான்ஸ்டிக் தவா அளவுக்கு மீறிச் சூடானால், அதிலிருந்து எழும் ஆவி சில நிமிடங்களிலேயே குருவியைக் கொன்றுவிடும். கொசுவர்த்திச் சுருளும், வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் அதன் மூச்சுக்குக் கேடுதான். கூண்டைச் சமையலறைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பால்கனியில் உச்சி வெயில் படும்படியும் வைக்காதீர்கள். இரவு பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் இருட்டும் அமைதியும் வேண்டும். தொலைக்காட்சி ஓடும் கூடத்தில் அது கிடைக்காது.

எதிரிக்குத் தெரியாமலிருக்க, நோயைக் கடைசிவரை மறைப்பது பறவையின் இயல்பு. பகலிலும் இறகை உப்பிக்கொண்டு தூங்குவது, மூச்சுக்கு மூச்சு வால் ஆடுவது, எச்சத்தின் நிறமோ தன்மையோ மாறுவது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். நாளை பார்ப்போம் என்று நான் ஒருமுறை இருந்திருக்கிறேன். அந்த நாளை வரவில்லை.

பச்சைக்கிளி வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வளர்ப்பதும் குற்றம்.

செல்லப்பிராணிக் கடைகள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2018-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. அவ்விதிகளை அதிகாரிகள் நடைமுறையில் செயல்படுத்துவதோடு, விற்கும் ஒவ்வொரு பறவையுடனும் பராமரிப்பு முறையைத் தமிழில் அச்சிட்ட ஒரு தாளைக் கடைக்காரர் கொடுக்க வேண்டும் என்பதையும் கட்டாயமாக்க வேண்டும். உமியைத் தினமும் ஊதிவிட்டுப் புதுத் தினை போட வேண்டும் என்பது அந்தத் தாளின் முதல் வரியாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
திருச்சிராப்பள்ளி.