அந்த ட்யூபை ஏன் எடுத்து வந்தேன் என்றால்

பட்டுக்கோட்டை,
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று டாக்டரிடம் காத்திருந்ததிலேயே இரண்டு மணி நேரம் போய்விட்டது. அவர் சொன்னதை உனக்கு நிதானமாகச் சொல்வதற்குள் அவுட்பாஸ் நேரம் முடிந்து, வாட்ச்மேன் கேட்டைச் சாத்த வந்துவிட்டார். உன் பையிலிருந்து, முகத்துக்குப் போடும் அந்த ஸ்டீராய்டு க்ரீம் ட்யூபை நான் எடுத்துக்கொண்டபோது நீ ஒன்றும் பேசவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாய். நாமக்கல்லில் பஸ் ஏறியதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். ஹாஸ்டலில் போன் கிடையாது, வாரத்துக்கு ஒருமுறை தரும் பத்து நிமிடத்தில் இதையெல்லாம் பேச முடியாது. அதனால் எழுதுகிறேன். படிப்பு முடித்துவிட்டுப் பொறுமையாகப் படி.

உன் மேல் எனக்குக் கோபமே இல்லை. கூட இருக்கும் பிள்ளை கொடுத்தாள், அவள் முகம் நாலே நாளில் பளிச்சென்று ஆனதைப் பார்த்தாய், நீயும் போட்டாய். நானும் போட்டவள்தான். இதை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

2004-ல் எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது தாடை ஓரம் முழுக்கப் பரு. பார்ப்பவர்கள் எல்லாரும் ஏதாவது சொல்வார்கள். கடைத்தெருவில் ஒரு மெடிக்கலில் கேட்டேன், சீட்டு எதுவும் கேட்காமல் ஒரு சின்ன ட்யூப் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் பரு அமுங்கியது. இரண்டாவது வாரம் நிறமே ஒரு சுற்று வெளுத்தது. கல்யாண ஆல்பத்தில் நீ பார்த்துவிட்டு “அம்மா எவ்வளவு பளபளன்னு இருக்கே” என்பாயே, அது அந்த ட்யூப். பிறகு நிறுத்திப் பார்த்தால் நாலே நாளில் முகம் கொப்பளித்துக்கொண்டு வரும். பயந்துபோய் மறுபடி போடுவேன், அடங்கும். இப்படியே ஒன்றரை வருடம். கன்னத்தில் தோல் மெலிந்து சிவப்பு நரம்பு தெரிய ஆரம்பித்தது, பூனை முடி அடர்த்தியானது. இன்றைக்கும் நான் அடுப்புப் பக்கம் நின்றால் கன்னம் எரிகிறது என்று விசிறிக்கொள்வதைப் பார்த்திருக்கிறாயே, அதன் மிச்சம்தான் அது. நேற்று உன் கன்னத்தில் அதே சிவப்பைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது.

அது எப்படி வேலை செய்கிறது என்று உனக்கு என்னைவிட நன்றாகவே புரியும். அட்ரீனல் சுரப்பி, கார்ட்டிசால், அழற்சியை அடக்கும், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் என்று பிளஸ் ஒன்னில் சத்தமாகப் படித்தாய், சமையலறை வரை கேட்டது. அந்த க்ரீமில் இருக்கும் ஸ்டீராய்டு அந்தக் குடும்பத்து மருந்து. சிவப்பையும் வீக்கத்தையும் அமுக்கிவிடுகிறது, அதனால் பரு போன மாதிரி தெரிகிறது. பரு வருவதற்கான காரணத்தை அது தொடுவதே இல்லை. போதாததற்குத் தோலையும் மெலிய வைக்கிறது. எக்ஸீமா மாதிரித் தோல் நோய்களுக்கு டாக்டர் அளந்து கொடுத்தால் நல்ல மருந்துதான். முகத்தில் தினமும் ஸ்நோ மாதிரி தடவுவதற்கானது இல்லை.

இனிமேல் யார் எந்த ட்யூபைக் கொடுத்தாலும் பின்பக்கம் பொடி எழுத்தைப் படி. பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூவோசினோலோன் என்று ஏதாவது இருந்தால் தொடாதே. உன் தோழியுடையதில் மொமெட்டசோனோடு, நிறத்தை வெளுக்கும் ஹைட்ரோகுவினோன், தோலை உரிக்கும் ட்ரெட்டினாயின் என்று இன்னும் இரண்டு இருந்தன. 2018-லேயே இந்த மாதிரி ஸ்டீராய்டு க்ரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு உத்தரவு போட்டுவிட்டது. ஆனாலும் கையில் கிடைக்கிறதே. அந்தப் பிள்ளையிடமும் பக்குவமாகச் சொல். மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தால் அவளாக நிறுத்த வேண்டாம், தோல் டாக்டரைப் பார்த்துப் படிப்படியாகத்தான் விட வேண்டும். நீ மூன்று வாரம்தான் போட்டிருக்கிறாய் என்பதால் உன்னை உடனே நிறுத்தச் சொன்னார் நம் டாக்டர்.

இந்த வாரமும் அடுத்த வாரமும் முகம் இன்னும் மோசமாகலாம். சிவக்கும், சூடாக இருக்கும், பொடிப்பொடியாகக் கிளம்பும். தோல் தன்னைச் சரிசெய்துகொள்ளும் நேரம் அது. நான் ஒவ்வொரு முறையும் தோற்றது அந்த இடத்தில்தான், நீ தாண்டிவிடு. பொறுக்க முடியாமல் எரிந்தாலோ நீர் கோர்த்துக்கொண்டாலோ வார்டனிடம் சொல்லி எனக்குப் போன் போடச் சொல், உடனே கிளம்பி வருகிறேன்.

அடுத்த இரண்டு வாரத்துக்கு மூன்றே வேலை. காலையும் இரவும் நான் அனுப்பியிருக்கும் வாசனையில்லாத க்ளென்சரில் முகம் கழுவு, அதற்கு மேல் வேண்டாம். குளிக்கிற சோப்பை முகத்தில் போடாதே. தோலின் பிஎச், அதாவது அமில-கார அளவு, ஐந்தை ஒட்டி இருக்கும், சோப்பு ஒன்பது பத்து. அங்கே தண்ணீரும் உப்பு, நுரை சரியாகப் போகாமல் முகத்திலேயே நிற்கும். கடைசியாக ஒரு டம்ளர் கேன் தண்ணீரால் அலசிவிடு. துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடு. ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர். எண்ணெய் வடியும் முகத்துக்கு இது எதற்கு என்று நேற்று கேட்டாய். எண்ணெய் வேறு, ஈரப்பதம் வேறு. உன் தோல் மேலே வழவழவென்று இருந்துகொண்டே உள்ளே காய்ந்துபோயிருக்கிறது, அதனால்தான் எதைப் போட்டாலும் எரிகிறது. காலையில் அதன் மேல் சன்ஸ்கிரீன், இரண்டு விரல் நீளத்துக்கு. வெயிலைத் தடுக்கும் அளவாக அதில் எஸ்பிஎஃப் 30 போட்டிருக்கும், அது போதும். பவுடர் வேண்டாம்.

எரிச்சல் அடங்கிய பிறகுதான் அடபலீன் ஜெல். வாரத்தில் இரண்டு இரவு மட்டும். அந்த இரவுகளில் மட்டும் முகம் நன்றாகக் காய்ந்த பிறகு முதலில் மாய்ஸ்சரைசர், அதன் மேல் பட்டாணி அளவு ஜெல்லை முகம் முழுக்கப் பரப்பு. கண்ணைச் சுற்றி, மூக்கு மடிப்பு, உதட்டு ஓரம் மூன்றையும் விட்டுவிடு. பருவின் மேல் மட்டும் புள்ளி வைக்கிற மருந்து இல்லை இது. இனி வரப்போகும் பருவைத் தடுக்கிற மருந்து. இரண்டு மூன்று மாதம் ஆகும் பலன் தெரிய. முதல் சில வாரம் பரு கூடினாலும் கூடும், பதறாதே. வேறு எந்தப் புது சாமான் கிடைத்தாலும் முதலில் காதுக்குப் பின்னால் நாலைந்து நாள் தடவிப் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்கு. ஒரு நேரத்தில் ஒன்றுதான், இல்லையென்றால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்றே தெரியாது.

பருக் கிருமியைக் கொல்லும் பென்சாயில் பெராக்சைடும் ஒன்று டாக்டர் எழுதியிருக்கிறார், அதை அடுத்த தடவை பார்த்த பிறகு ஆரம்பிக்கலாம். 2.5 சதவீதமே போதும், அதிகம் போட்டால் எரிச்சல்தான் அதிகமாகும் என்றார். அது பட்ட துணி வெளுத்துவிடும். அதற்காகத்தான் வெள்ளைத் துண்டும் வெள்ளைத் தலையணை உறையும் வைத்திருக்கிறேன்.

பாப்பா, நீ சுத்தமாக இல்லாததால் பரு வரவில்லை. யாராவது அப்படிச் சொன்னால் மனதில் ஏற்றிக்கொள்ளாதே. இந்த வயதில் ஹார்மோன் எண்ணெய்ச் சுரப்பியை முடுக்கிவிடுகிறது, செத்த செல்கள் துளை வாயை அடைக்கின்றன, உள்ளே கிருமி பெருகித் தோல் வீங்குகிறது. மூக்கில் தெரியும் கரும்புள்ளிகூட அழுக்கில்லை, அடைப்பின் முனை காற்றுப் பட்டுக் கறுத்தது. அதைத் தேய்த்துத் தேய்த்து நீ தோலைப் புண்ணாக்கினாய்.

நெற்றியில் முடி ஓரமாக வரிசையாக வருகிறதே, அதற்கு நம் தேங்காய் எண்ணெயும் ஒரு காரணம். நம் தோப்பு எண்ணெயைப் பற்றி இப்படி எழுத எனக்கே கஷ்டமாக இருக்கிறது. முடிக்கு நல்லது, உன் நெற்றிக்கு ஆகாது, அவ்வளவுதான். எண்ணெய் வைத்து ரெட்டை ஜடை பின்ன வேண்டும் என்று ஹாஸ்டலில் சொன்னால் நுனி முடிக்கு மட்டும் தொட்டுக்கொள். தலைக்குக் குளிக்கும் நாளுக்கு முந்தின இரவு வைத்தால் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு படு. பொடுகுக்குக் கொடுத்த கீட்டோகோனசோல் ஷாம்பூவை வாரம் இரண்டு முறை, ஐந்து நிமிடம் ஊறவிட்டு அலசு. தலையைக் குனிந்து அலசினால் நுரை முகத்தில் வழியாது.

அப்பாயி கஸ்தூரி மஞ்சளும் கடலை மாவும் பொட்டலம் கட்டித் தந்தார்கள். வாங்கி வைத்திருக்கிறேன், உனக்கு அனுப்பவில்லை. அவர்கள் தோலுக்கு அது ஒத்துக்கொண்டது. இப்போது உன் முகம் இருக்கும் நிலையில் மஞ்சளே அலர்ஜி ஆகலாம், மாவு உரசும். எலுமிச்சை, டூத்பேஸ்ட், சமையல் சோடா பக்கமே போகாதே. அப்பாயியிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

கையை மட்டும் கட்டுப்படுத்து. படிக்கும்போது இடது கை தன்னால் தாடைக்குப் போகும் உனக்கு, நான் பார்த்திருக்கிறேன். கிள்ளினால் உள்ளே உடைந்து பரவும். நம் மாநிறத் தோலில் சின்னப் பரு ஆறினாலும் கறுப்பு விழும், அது மறைய மாதங்கள் ஆகும். வெயில் பட்டால் இன்னும் இழுக்கும். ஆனால் கறுப்பு போய்விடும், குழி விழுந்தால் போகாது. இது நிறம் வெளுப்பதற்காக எழுதுவது இல்லை, புரிகிறதா? உன் நிறத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எரியாமல், வலிக்காமல் நீ தூங்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டும்.

சாப்பாட்டில் பெரிதாக எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. கேன்டீன் பாட்டில் ஜூஸையும் கிரீம் பிஸ்கட்டையும் குறை, இனிப்பு சிலருக்குப் பருவைக் கூட்டும். மாதவிலக்கு நாள் தள்ளிப் போகிறதா என்று டாக்டர் கேட்டபோது நீ வெட்கப்பட்டு இல்லை என்றாய். அப்பா பக்கத்தில் இருந்ததால் அப்படிச் சொன்னாயோ என்று எனக்கு ஒரு சந்தேகம். தாடைப் பக்கப் பருவுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு, நாள் தவறினால் வேறு டெஸ்ட் எடுக்க வேண்டும். காலண்டரில் குறித்து வை, எனக்கு மட்டும் சொல்.

பார்சலில் எல்லாவற்றிலும் ‘காலை’, ‘இரவு’ என்று டேப் ஒட்டி எழுதியிருக்கிறேன். அடபலீனைத் தனிக் கவரில் ஒட்டி வைத்திருக்கிறேன், இரண்டு வாரம் கழித்துப் பிரி. தலையணை உறை நாலு இருக்கிறது, மூன்று நாளுக்கு ஒன்று மாற்று.

அடுத்த வாரம் போனில் பேசும்போது முகம் எரிகிறதா, அரிக்கிறதா என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல். டாக்டரிடம் நான் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அம்மா